தவறு யாருடையது? பைத்தான் படிக்கும் பிள்ளைகளும் சில பழைய முடிவுகளும்

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் 'எரர்'. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்த பிள்ளைகளுக்குப் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையை வரி வரியாக எழுதிக் கொடுப்பதற்கான மொழி அது. தொடக்கத்தில் பத்து வரி எழுதி ஓட்டிப் பார்த்தால் பதில் வருவதைவிட சிவப்பு எழுத்தில் எரர் வருவதே அதிகம். "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்று பிள்ளை மூடிவைத்துவிடும். நம் வயதுக்காரர்களுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை.

என் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு வருடமாக இந்தப் பாடத்தைப் படித்துவருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் பில்லும் லெட்ஜரும் சரிபார்த்தவன் நான். அந்த வேலை கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் உண்டு. ஒரு படிவத்தில் ஒரே கட்டத்தைப் பத்துப் பேர் தப்பாக நிரப்பினால், பத்துப் பேரையும் கடிந்துகொள்வதற்கு முன் அந்தப் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது. கட்டத்தின் தலைப்பு தெளிவாக இல்லாமல் இருக்கும். அல்லது யாரோ எப்போதோ ஒரு காரணத்துக்காக வைத்த கட்டமாக இருக்கும், அந்தக் காரணத்தைச் சொல்ல ஆள் இருக்காது.

பைத்தானில் புதிதாகப் படிக்கிறவர்கள் செய்யும் தவறுகளும் அப்படிப்பட்டவையே. உலகம் முழுவதும் பிள்ளைகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டு இடங்களில்தான் விழுகிறார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் ஒரு பழைய முடிவும் அதை எடுத்த மனிதர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதை தெரிந்தால் திருத்தும் வழி மனதில் நிற்கிறது. பிள்ளைக்குத் தன் மூளைமேல் சந்தேகமும் வராது.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு கிறிஸ்துமஸ்

பைத்தான் பிறந்த ஊர் ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம். அங்கே சி.டபிள்யூ.ஐ. என்று ஒரு கணித, கணினியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1980களில் அங்கே லாம்பர்ட் மேர்ட்டென்ஸ் முதலியவர்கள் 'ஏபிசி' என்று ஒரு கணினி மொழியை உருவாக்கினார்கள். கணினித் தொழிலில் இல்லாதவர்களும் எளிதாக எழுத வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தக் குழுவில் வேலை பார்த்தவர் கைடோ வான் ரோஸம் என்ற இளைஞர். ஏபிசி பரவவில்லை. 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பொழுதுபோக்காக, ஏபிசியில் தமக்குப் பிடித்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு கைடோ தாமே ஒரு மொழியை எழுதத் தொடங்கினார். 'மாண்டி பைத்தான்' என்ற பி.பி.சி. நகைச்சுவைத் தொடர் அவருக்குப் பிடிக்கும். அந்தப் பெயரையே வைத்தார். பாம்புக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. 1991 பிப்ரவரியில் அது முதன்முதலாக வெளியுலகுக்கு வந்தது.

இந்தப் பூர்வீகம் தெரிந்தால்தான் பிள்ளைகளின் முதல் தவறு புரியும்.

முக்காற்புள்ளி

பைத்தானில் 'மார்க் 35க்கு மேல் இருந்தால்' என்பது போன்ற ஒரு நிபந்தனையை எழுதினால், அந்த வரியின் கடைசியில் முக்காற்புள்ளி ( : ) வைக்க வேண்டும். இஃப், எல்ஸ், ஃபார், வைல், டெஃப் என்று தொடங்கும் வரிகளுக்கெல்லாம் இது பொது. பிள்ளைகள் மறப்பது இதைத்தான். 'அதான் அடுத்த வரி உள்ளே தள்ளி எழுதியிருக்கே, இந்தப் புள்ளி எதுக்கு?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

விடை 1978இல் போலந்து நாட்டின் யப்வோன்னா என்ற ஊரில், ஒரு பழைய மாளிகையில் இருக்கிறது. பின்னாளில் ஏபிசி என்று பெயர் பெறவிருந்த மொழியை எப்படி எழுதுவது என்று மேர்ட்டென்ஸும், ராபர்ட் டீவர், ஜாக் ஷ்வார்ட்ஸ், பீட்டர் கிங் ஆகியோரும் அங்கே விவாதித்துக்கொண்டிருந்தார்கள். எண்களை வரிசைப்படுத்தும் ஒரு சிறு புரோகிராமைப் பல விதமாக எழுதிப் பார்த்தும் எது நல்லது என்று ஒருமனதாக முடிவு செய்ய முடியவில்லை. கடைசியில் டீவரின் மனைவியை அறையிலிருந்து அழைத்துவந்து காட்டினார்கள். முதல் மாதிரியை விளக்கியதுமே அந்த அம்மாள் கேட்ட கேள்வி இதுதான்: இந்த வரியில் சொன்னது இந்த வரிக்கு மட்டும் இல்லையா, கீழே வருகிற வரிகளுக்கும் சேர்த்தா?

நான்கு அறிஞர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. வரியின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி இருந்திருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது. 'பின்வருமாறு' என்று எழுதி நாம் போடும் அதே புள்ளி. ஏபிசியில் அது நுழைந்தது, ஏபிசியிலிருந்து பைத்தானுக்கு வந்தது.

ஆக, புதியவர்கள் மறந்து எரர் வாங்கும் அந்தப் புள்ளி, புதியவர் ஒருவருக்கு விளங்கவில்லை என்பதற்காகவே வைக்கப்பட்டது. இதைச் சொன்ன பிறகு என் பேத்தி அதை மறந்து நான் பார்க்கவில்லை.

உள்தள்ளல்

அடுத்த தவறு, வரியை உள்ளே தள்ளி எழுதுவதில் வருவது. மற்றப் பல மொழிகளில் ஒரு நிபந்தனைக்குக் கீழ்ப்பட்ட வரிகளை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். பைத்தானில் அடைப்பு கிடையாது. உள்ளே தள்ளி எழுதியிருப்பதே அடையாளம். பீட்டர் லாண்டின் என்ற ஆங்கிலேயக் கணினி அறிஞர் 1966இலேயே இந்த யோசனையைச் சொன்னார். கால்பந்தாட்டத்தில் வரும் 'ஆஃப்சைடு' என்ற பெயரையே அந்த விதிக்கு வைத்தார்.

சிக்கல் எங்கே என்றால், உள்ளே தள்ளுவதற்கு விசைப்பலகையில் இரண்டு வழி உண்டு: ஸ்பேஸ், டேப். டைப்ரைட்டரில் பழகிய நமக்கு டேப் என்றால் என்னவென்று தெரியும். அட்டவணை அடிக்க வேண்டும் என்றால் வண்டி எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே ஸ்டாப் வைத்துக்கொள்வோம். நான் வைத்த ஸ்டாப் ஓரிடம், பக்கத்து மேசைக்காரர் வைத்தது வேறிடம். கம்ப்யூட்டரிலும் கதை அதேதான். ஒரு மென்பொருளில் டேப் என்பது நான்கு எழுத்து அகலம், இன்னொன்றில் எட்டு. ஒரு வரியை டேப் போட்டும் அடுத்த வரியை ஸ்பேஸ் போட்டும் தள்ளியிருந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும், பைத்தானுக்குத் தெரியாது. பழைய பைத்தான் எட்டு என்று கணக்கு வைத்துச் சமாளித்துப் பார்த்தது. பைத்தான் 3, எது எந்த அளவு என்று தீர்மானிக்க முடியாதபடி கலந்திருந்தால் ஏற்க மறுத்துவிடுகிறது.

திருத்தும் வழி: ஒரு படிக்கு நான்கு ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான்காரர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட எழுத்து முறையும் அதுதான். டேப் விசையைத் தட்டினால் நான்கு ஸ்பேஸ் விழும்படி மென்பொருளில் அமைத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

சமக்குறி

1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக் கணித ஆசிரியர் தம் நூலில் முதன்முதலாக = என்ற குறியை அச்சிட்டார். இணையாக ஓடும் இரண்டு கோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான பொருள் வேறு எது என்பது அவர் சொன்ன காரணம். கணிதத்தில் அந்தக் குறிக்கு நிலைத்துவிட்ட பொருள் அதுதான்.

1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது அந்தக் குறிக்கு இன்னொரு வேலை கொடுத்தார்கள்: 'வலப்பக்கம் இருப்பதை இடப்பக்கப் பெயருக்குள் வை'. அடுத்து ஐரோப்பியரும் அமெரிக்கரும் சேர்ந்து உருவாக்கிய ஆல்கால் மொழிக்காரர்கள் இதை ஏற்கவில்லை. வைப்பதற்கு := என்றும் ஒப்பிடுவதற்கு = என்றும் பிரித்தார்கள். பிறகு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய மொழிகளில் மறுபடி மாறியது. ஒப்பிடுவதைவிட வைப்பதுதான் அதிகமாக எழுத வேண்டி வருகிறது, ஆகவே சின்னக் குறி அதற்கு என்று, வைப்பதற்கு =, ஒப்பிடுவதற்கு == ஆயிற்று. ரிச்சியின் சி மொழி உலகத்தை ஆண்டதால் பைத்தானும் அதையே எடுத்துக்கொண்டது.

பள்ளியில் பத்து வருடம் = என்றால் சமம் என்று படித்த பிள்ளை, 'வயது = 18 என்றால்' என்று எழுதுவதில் என்ன ஆச்சரியம்? சி மொழியில் அப்படி எழுதினால் கம்ப்யூட்டர் எதிர்ப்புச் சொல்லாது. வயதையே 18 ஆக்கிவிட்டு மேலே போய்க்கொண்டிருக்கும். இது விளையாட்டுக் காரியம் அல்ல. 2003 நவம்பரில், உலகின் பெரும்பாலான பெரிய கணினிகளை இயக்கும் லினக்ஸின் மூல நிரலின் ஒரு பிரதியில் யாரோ திருட்டுத்தனமாக இரண்டு வரி சேர்த்துவிட்டார்கள். பார்ப்பதற்கு, வந்திருப்பவர் நிர்வாகியா என்று ஒப்பிடும் வரி போலத் தெரியும். ஆனால் == இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை = இருந்தது; அந்த வழியாக வருகிறவரை அது நிர்வாகியாகவே ஆக்கிவிடும். அதிகாரபூர்வமான நிரலோடு ஒத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்து, அது பரவுவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள்.

பைத்தானில் நிபந்தனை வரியில் ஒற்றை = போட்டால் உடனே எரர் வரும். பிள்ளைக்கு அது தொந்தரவாகத் தெரியலாம். ஆனால் வீட்டு வாசலில் குரைக்கிற நாய் அது. வைப்பதற்கு ஒன்று, கேட்பதற்கு இரண்டு என்று சொல்லிக்கொடுங்கள், போதும்.

பூஜ்யத்திலிருந்து எண்ணுவது

ஐந்து பெயர்கள் உள்ள பட்டியலில் முதல் பெயரின் எண் 0, கடைசிப் பெயரின் எண் 4. ஐந்தாவது பெயரை 5 என்று கேட்டால், பட்டியலுக்கு வெளியே போய்விட்டாய் என்று எரர் வரும். அதேபோல ரேஞ்ச்(1, 10) என்று எழுதினால் 1 முதல் 9 வரைதான் கிடைக்கும், 10 வராது. பிள்ளைகள் அதிகம் திண்டாடுவது இங்கேதான்.

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 'எழுபது முடிந்து எழுபத்தொன்று நடக்கிறது' என்கிறோம். நடப்பு வயதைச் சொன்னால் பிறந்த அன்றே குழந்தைக்கு ஒன்று. முடிந்த வயதைச் சொன்னால் பூஜ்யம். பைத்தானின் எண் முடிந்த வயதுக் கணக்கு: இந்தப் பெயருக்கு முன்னால் எத்தனை பெயர் கடந்தது? முதல் பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லை, ஆகவே 0. நாம் தரைத்தளத்தை விட்டுவிட்டு முதல் மாடி என்று எண்ணுவதும் இதே கணக்குத்தான். பிரெஞ்சில் ரெ-த-ஷோஸே என்பதற்கு மேலே இருப்பதுதான் ப்ரெமியே எத்தாழ்.

இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுவதா, ஒன்றை விடுவதா என்பது மிகப் பழைய வழக்கு. ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல் புதிய நாட்காட்டியை நடைமுறைக்குக் கொண்டுவந்து, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்ட வேண்டும் என்று விதித்தார். அடுத்த ஆண்டே அவர் கொலையுண்டார். ரோமானியர்களுக்கு இரண்டு முனையையும் சேர்த்து எண்ணும் பழக்கம். பூசாரிகள் அதன்படி எண்ணி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போனார்கள். 36 ஆண்டுகளில் 9 நாள் கூட்ட வேண்டிய இடத்தில் 12 நாள் கூட்டிவிட்டார்கள். அகஸ்டஸ் சீசர் தலையிட்டு, சில ஆண்டுகளுக்குக் கூடுதல் நாளே வேண்டாம் என்று நிறுத்திச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மவர்களுக்கு இரண்டு வாரம் என்பது 'கேன்ஸ் ழூர்', அதாவது பதினைந்து நாள். ஒரு வாரம் 'உயி ழூர்', எட்டு நாள். இரண்டு முனையையும் சேர்க்கும் கணக்கு அந்தச் சொற்களில் இன்னும் இருக்கிறது.

அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற பையன்கள் லீவுக் கணக்கில் இடறுவதும் இங்கேதான். 3ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரை லீவு என்றால் 9இலிருந்து 3ஐக் கழித்து ஆறு நாள் என்று எழுதுவார்கள். உண்மையில் ஏழு நாள். ஆனால் லீவு தொடங்கும் தேதி 3, பணியில் சேரும் தேதி 10 என்று எடுத்துக்கொண்டால் நேராகக் கழித்தாலே ஏழு வந்துவிடும். ரேஞ்ச்(3, 10) என்பதன் பொருளும் இதுவே. இரண்டாவதாக எழுதும் எண் லீவின் கடைசி நாள் அல்ல, பணியில் சேரும் நாள்.

ஹாலந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற பெரிய கணினி அறிஞர் 1982 ஆகஸ்டில் கையால் எழுதிய ஒரு சிறு குறிப்பில் இதையே வாதிட்டார். ஒரு வரிசையைக் குறிக்க நான்கு வழி உண்டு. தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டுவிடுவதே தவறு குறைந்த வழி. அப்படி எழுதினால் பூஜ்யத்தில் தொடங்குவதே அழகு என்றார். ஏபிசி ஒன்றிலிருந்து எண்ணிய மொழி. சி பூஜ்யத்திலிருந்து எண்ணியது. இரண்டையும் பார்த்த கைடோ பூஜ்யத்தைத் தேர்ந்தெடுத்தார்.

மொழி வளைந்துகொடுத்த இடம்

இதுவரை சொன்னதில் பிள்ளைதான் மொழிக்குப் பழக வேண்டும். மொழி பிள்ளைக்காக மாறிய இடமும் உண்டு. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பழைய பைத்தானில் 5 / 2 என்று கேட்டால் 2 என்று பதில் வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் என்பது சி மொழியிலிருந்து வந்த வழக்கம். 45, 46 என்ற இரண்டு மார்க்கின் சராசரி கேட்டால் 45 என்று சொல்லும். அரை மார்க் காணாமல் போய்விடும். எரரும் வராது, சிவப்பு எழுத்தும் வராது. கணக்கு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கத்துகிற தவறைவிட மௌனமாக இருக்கிற தவறுதான் ஆளைக் கவிழ்க்கும்.

1990களில் அமெரிக்காவில் ராண்டி பாஷ் என்ற பேராசிரியரின் குழு 'ஆலிஸ்' என்ற கல்வி மென்பொருளைத் தயாரித்தது. புரோகிராம் எழுதியே அறியாத மாணவர்கள் அதில் பைத்தானைப் பயன்படுத்தினார்கள். மாணவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று அந்தக் குழு பக்கத்திலிருந்து கவனித்தது. இரண்டு இடம் பளிச்சென்று தெரிந்தது. ஒன்று, ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் பைத்தான் வேறுவேறாக எடுத்துக்கொள்வது. மற்றொன்று, இந்த வகுத்தல். தங்கள் மென்பொருளுக்குள் இரண்டையுமே மாற்றிக்கொண்டார்கள்.

பைத்தானில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து விதி அப்படியே நின்றுவிட்டது. பிரிண்ட் என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் இன்றும் எரர்தான். ஆனால் வகுத்தலை மாற்ற வேண்டும் என்று 2001 மார்ச்சில் மோஷே ஜாட்காவும் கைடோவும் ஒரு முன்மொழிவு எழுதினார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் கதி என்ன என்று கேட்டார்கள். நம் சர்வீஸ் விதிகளைத் திருத்தும்போது செய்வது போலத்தான் செய்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 2.2 பதிப்பில், முழு எண் வகுத்தலுக்கு // என்று தனிக்குறி கொடுத்து, புதிய விதி வேண்டியவர்கள் எழுதிக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். 2008 டிசம்பர் 3 அன்று வெளியான பைத்தான் 3இல் அது எல்லோருக்கும் விதியாயிற்று. இப்போது 5 / 2 என்றால் 2.5. பழைய பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றுதான் முடிந்தது. புதியவர்கள் இடறும் ஒரு கல்லை எடுத்துப்போட, முன்மொழிவிலிருந்து அதுவரைக்கும் ஏறக்குறைய 19 ஆண்டுகள்.

அதே பைத்தான் 3இல்தான் பிரிண்ட் என்பதற்கு அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பைத்தான் நூலில் அடைப்பு இல்லாமல் இருந்தால் பிள்ளைமேலும் தவறில்லை, புத்தகத்தின்மேலும் தவறில்லை. பதிப்பு பழையது, அவ்வளவே.

எண்ணும் எழுத்தும்

பைத்தான் 3இல் இன்புட் என்ற கட்டளை வழியாக நாம் தட்டுவது எதுவானாலும் எழுத்தாகவே உள்ளே போகும். பிள்ளை 5 என்றும் 5 என்றும் கொடுத்துக் கூட்டினால் 55 என்று வரும். பழைய பைத்தானில் அந்தக் கட்டளை தட்டியதை அப்படியே ஒரு நிரலாக எடுத்துச் செயல்படுத்திவிடும். வேண்டாதவர் ஒருவர் எதையாவது தட்டினால் அதையும் செய்யும். அந்த ஆபத்தை நீக்கத்தான் எல்லாம் எழுத்தாகவே வரட்டும் என்று மாற்றினார்கள்.

கோப்பு எண் 5ஐயும் கோப்பு எண் 5ஐயும் கூட்டிக் கோப்பு எண் 10 என்று யாரும் சொல்ல மாட்டோம். அது பெயர், தொகை அல்ல. தொகையாக வேண்டும் என்றால் முழு எண்ணுக்கு இன்ட், புள்ளி வரும் எண்ணுக்கு ஃப்ளோட் என்று சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கால்புள்ளியிலும் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பை என்பதை 3,14 என்றே எழுதுவோம். 'த்ருவா விர்கூல் கத்தோர்ஸ்' என்று படிப்போம். பிரான்சில் இன்றும் அப்படித்தான். பைத்தானில் 3,14 என்று எழுதினால் எரர் வராது. 3 ஒன்று, 14 ஒன்று என்று இரண்டு எண்களாக எடுத்துக்கொள்ளும். நம் ஊர் முறையில் ஒன்றரை லட்சத்தை 1,50,000 என்று எழுதினால் 1, 50, 0 என்று மூன்று எண்ணாகிவிடும். இதுவும் மௌனமான தவறு. 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பிலிருந்து கால்புள்ளி இருக்கும் இடத்தில் அடிக்கோடு போட்டு 1_50_000 என்று எழுதலாம். மேல்நாட்டுக்காரர்கள் போல மூன்று மூன்றாகப் பிரித்தாலும் சரி, நம் லட்சக் கணக்கில் பிரித்தாலும் சரி, ஏற்றுக்கொள்ளும்.

எரரைப் படிக்கும் முறை

முன்பெல்லாம் அடைப்புக்குறி மூடாவிட்டாலும், முக்காற்புள்ளி விட்டாலும், சமக்குறி மாறினாலும், 'இலக்கணப் பிழை' என்ற பொருளில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் வரும். எந்த ஆவணம் குறைகிறது என்று சொல்லாமல் 'திருப்பி அனுப்பப்படுகிறது' என்று மட்டும் எழுதிவிடும் பிரிவு அலுவலரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2020இல் பைத்தானின் உள்ளே வரிகளைப் பிரித்துப் படிக்கும் பகுதியைப் புதிதாக எழுதினார்கள். அதன் பலனாக 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பு, 'இந்த அடைப்பு மூடப்படவே இல்லை', 'இங்கே முக்காற்புள்ளி வேண்டும்', 'நீ நினைத்தது இரட்டைச் சமக்குறியோ?' என்ற பொருளில் தெளிவாகப் பேசுகிறது. பெயரைப் பிழையாக எழுதினால் சரியான பெயரைக் காட்டி, இதுவா என்று கேட்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய பதிப்பு இருந்தால் புதியதை ஏற்றச் சொல்லுங்கள், இலவசம்தான்.

எந்தப் பதிப்பானாலும் எரரைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். என்ன தவறு என்பது கடைசி வரியில் இருக்கும். எத்தனையாவது வரி என்பது அதற்கு மேலே. அந்த வரி சரியாகத் தெரிந்தால் அதற்கு முந்தைய வரியைப் பார்க்க வேண்டும். மூடாத அடைப்பு அங்கே இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு தவறை மட்டும் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். லெட்ஜர் டேலியாகாதபோது நாம் செய்ததும் இதுதானே.

பிள்ளை 'வராது' என்று சொல்லும்போது நாம் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. யப்வோன்னாவில் அந்த அம்மாள் 'எனக்கு இதெல்லாம் புரியாது' என்று அறைக்குத் திரும்பிப் போகவில்லை. புரியாததை நான்கு அறிஞர்கள் முன்னால் வாய்விட்டுக் கேட்டார். ஆலிஸ் மாணவர்களின் தவறுகளையும் யாரும் சிரித்து ஒதுக்கவில்லை, குறித்துவைத்தார்கள். அந்தப் புள்ளியும் அந்த அரை மார்க்கும் இன்று பைத்தானில் இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேறு எந்த இடத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள் நண்பர்களே. அதன் பூர்வீகத்தையும் தேடிப் பார்ப்போம்.